சித்தம் கலங்கியோரும் செங்கோலும்

குற்றம் என்பது கையின் செயலா, மனத்தின் செயலா என்னும் வினா நீதியின் வரலாற்றில் மிகத் தொன்மையானது. கத்தியைப் பிடித்தது கைதான். ஆயினும் அக்கையை ஏவியது மனம். அம்மனமே நோயுற்றுத் தன்னிலை இழந்திருக்குமாயின், கைக்குரியவனைக் குற்றவாளி என்று கூறுதல் முறையாகுமா? இவ்வினாவிற்கு விடை காண முயன்ற சட்ட அறிஞர்களும் மருத்துவர்களும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒருவரோடு ஒருவர் வாதிட்டும் உடன்பட்டும் வந்துள்ளனர். அவ்வாறு தோன்றி வளர்ந்த துறையே நீதிசார் மனநல மருத்துவம். நீதிமன்றத்திற்குத் துணைநிற்கும் பொருட்டு ஒருவரின் மனநிலையை ஆராய்ந்து கூறும் மருத்துவப் பிரிவு என்று அதனைச் சுருங்கக் கூறலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று வழங்கும் சட்டத்தில் இத்துறைக்குரிய இடம் எவ்வாறு அமைந்தது என்பதை அறிய, இங்கிலாந்து, பினாங்கு, இந்தியா ஆகிய மூன்று இடங்களின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

மருத்துவர் புகாத மன்றம்

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில நீதிபதி மேத்யூ ஹேல், பித்தேறியவனைத் தண்டிக்கலாகாது என்பதை ஏற்றுக்கொண்டார். ஆனால், பதினான்கு வயதுச் சிறுவனுக்கு உள்ள அளவு அறிவேனும் ஒருவனிடம் எஞ்சியிருப்பின் அவன் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது என்றும் அவர் வரையறுத்தார். 1724 ஆம் ஆண்டில் ஆன்ஸ்லோ பிரபுவைச் சுட்ட எட்வர்ட் ஆர்னால்டின் வழக்கில் நீதிபதி டிரேசி இதனினும் கடுமையான அளவுகோலைக் கையாண்டார். கைக்குழந்தையைப் போலவும் காட்டு விலங்கைப் போலவும் தான் செய்வது இன்னதென்றே அறியாதவனுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்பது அவர் கருத்து. ஆர்னால்டுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. சுடப்பட்ட ஆன்ஸ்லோ பிரபுவே பரிந்து பேசியதால் அவன் தூக்குமரத்திலிருந்து தப்பிச் சிறையில் வாழ்ந்தான்.

இக்காலத்தில் மனநிலையை மதிப்பிடுவதற்குத் தனி அறிவு வேண்டும் என்று எவரும் கருதவில்லை. பைத்தியம் என்பது பார்த்த மாத்திரத்தில் எவருக்கும் விளங்கக்கூடியது என்பதே பொதுவான எண்ணமாக இருந்தது. அக்கம்பக்கத்தாரும் உறவினரும் சாட்சி சொல்வர். ஜூரிமார் முடிவு செய்வர்.

ஒரு படைவீரனும் ஒரு தச்சனும்

இந்நிலையை மாற்றியது 1800 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி. லண்டன் டுரூரி லேன் நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கி ஜேம்ஸ் ஹாட்ஃபீல்ட் என்பவன் துப்பாக்கியால் சுட்டான். குறி தவறியது. அவன் பிரெஞ்சுப் போரில் தலையில் கடுமையான வாள்வெட்டுகளைப் பெற்ற படைவீரன். அரசாங்கத்தின் கையால் தான் மடிந்தால் ஏசுநாதரின் மறுவருகை நிகழும் என்னும் நம்பிக்கை அவன் மனத்தில் வேரூன்றியிருந்தது. தற்கொலை பாவம் என்பதால், தன்னைத் தூக்கிலிடச் செய்வதற்காகவே அவன் மன்னரைச் சுட்டான்.

பழைய அளவுகோலின்படி அவனுக்கு மீட்சி இல்லை. துப்பாக்கி வாங்கத் தெரிந்தவன்; மன்னரைச் சுட்டால் மரண தண்டனை என்பதை அறிந்தவன்; அறிந்ததனாலேயே சுட்டவன். எனினும் அவனுக்காக வாதாடிய தாமஸ் எர்ஸ்கின், அறிவு முற்றிலும் அழிந்த நிலை மட்டுமே பித்து என்று கொள்வது உலகியலுக்கு ஒவ்வாது என்றார். பொய்யானதொன்றை மெய்யென்று பற்றிக்கொண்டு, அதன்மேல் ஒழுங்காகச் சிந்திப்பதே பித்தின் உண்மை இயல்பு என்று அவர் விளக்கினார். தலைக்காயத்தைப் பற்றி மருத்துவர்கள் சாட்சி கூறினர். நீதிபதி வழக்கை இடையிலேயே நிறுத்தினார்; பித்தின் காரணமாகக் குற்றவாளி அல்லன் என்று ஜூரிமார் முடிவு கூறினர்.

விடுவித்தாயிற்று, இனி இவனை எங்கே அனுப்புவது? இவ்வினாவிற்கு அந்நாள்வரை சட்டத்தில் தெளிவான விடை இல்லை. நாடாளுமன்றம் அதே ஆண்டில் விரைந்து ஒரு சட்டம் இயற்றியது. இவ்வாறு விடுவிக்கப்படுவோர் மன்னரின் விருப்பம் உள்ளவரை காவலில் வைக்கப்படுவர் என்பது அச்சட்டத்தின் சாரம். ஹாட்ஃபீல்ட் 1841 ஆம் ஆண்டில் பெத்லம் மருத்துவமனையில் இறக்கும்வரை விடுதலை பெறவில்லை.

இரண்டாம் வழக்கு 1843 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த மரக்கடைசல் தச்சனாகிய டேனியல் மெக்நாட்டன், அரசியற் கட்சியொன்று தன்னை ஓயாது பின்தொடர்ந்து துன்புறுத்துவதாக நம்பினான். சனவரி 20 ஆம் நாள் லண்டனில், பிரதமர் ராபர்ட் பீலின் தனிச்செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டை அவன் முதுகில் சுட்டான். ஐந்து நாள் கழித்து அவர் உயிர் நீத்தார். மார்ச்சு மாதத்தில் நடந்த விசாரணையில் வழக்கறிஞர் அலெக்சாண்டர் காக்பர்ன், அமெரிக்க மருத்துவர் ஐசக் ரே 1838 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலைத் துணைகொண்டு வாதாடினார். மருத்துவர் பலர் ஒருமுகமாக அவனை நோயாளி என்றனர். அவர்களுள் சிலர் அவனைத் தனியே சோதித்தறியாமல், மன்றத்தில் அமர்ந்து விசாரணையைக் கேட்டே கருத்துரைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மறுத்துரைக்க அரசுத் தரப்பில் ஒரு மருத்துவரும் இல்லை. மெக்நாட்டன் விடுவிக்கப்பட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான்.

நாடு கொதித்தெழுந்தது. விக்டோரியா அரசியாரும் தம் அதிருப்தியை வெளியிட்டார். பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து ஐந்து வினாக்களை விடுத்தது. அவ்வாண்டு சூன் 19 ஆம் நாள் அவர்கள் அளித்த விடைகளே மெக்நாட்டன் விதிகள் என்று உலகெங்கும் வழங்குவன. ஒவ்வொருவரும் தெளிந்த மனமுடையவர் என்றே முதலில் கொள்ளவேண்டும். மனநோயினால் விளைந்த அறிவுக்குறையால் தன் செயலின் தன்மையை அறியாதிருந்தான், அல்லது அது தவறானது என்பதை அறியாதிருந்தான் என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவனே மெய்ப்பிக்கவேண்டும் என்பன அவற்றின் உட்பொருள். எர்ஸ்கின் திறந்த வாயிலை நீதிபதிகள் மீண்டும் பாதியளவு மூடினர் எனலாம். உணர்ச்சியின் கட்டுப்பாட்டை இழப்பது இவ்விதிகளில் இடம்பெறவில்லை. மனத்தின் அறியும் ஆற்றல் மட்டுமே எடைபோடப்பட்டது.

பினாங்கில் ஒரு வாரம்

லண்டனில் இவ்விதிகள் வகுக்கப்பட்டு மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1807 ஆம் ஆண்டின் அரச பட்டயத்தால் பினாங்கில் ஆங்கிலச் சட்டம் நிலைபெற்றிருந்தது. அங்கே 1846 ஆம் ஆண்டு சூலை மாதம் 8 ஆம் நாள் சுனான் என்னும் மலாய்க்காரன் அமோக் வெறி கொண்டு ஆயுதத்துடன் தெருவில் ஓடினான். அவன் வீடு கட்டும் தொழிலாளி, ஊராரால் மதிக்கப்பட்டவன். பத்துக்கும் மேற்பட்டோர் அவன் கையால் குத்துண்டனர். தீர்ப்புரைக்கப்பட்ட நாளில் அவர்களுள் உயிருடன் இருந்தோர் இருவரே. மாண்டவர்களுள் முதிய இந்துப் பெண் ஒருத்தியும், சீனச் சிறுவன் ஒருவனும், தந்தையின் கையில் இருந்த மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றும் இருந்தனர். அக்காலப் பதிவுகளில் ‘கிளிங்’ எனக் குறிக்கப்பெற்ற தென்னிந்தியர் பலர் இறந்தோர், காயமுற்றோர் பட்டியலில் உள்ளனர். அக்குழந்தையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

விசாரணையில் வெளிவந்த செய்தி சிந்தனைக்குரியது. சுனான் அண்மையில் தன் மனைவியையும் குழந்தையையும் இழந்தவன். அத்துயரம் அவன் உள்ளத்தை அரித்து, அவன் தோற்றத்தையே மாற்றிவிட்டிருந்தது. முன்பெல்லாம் அவன் குழந்தையையும் வேலையிடத்திற்கு அழைத்து வருவான் என்றும், அது இறந்தபின் வேலை செய்ய இயலவில்லை என்று அடிக்கடி கூறுவான் என்றும், அவன் குடிப்பழக்கம் இல்லாதவன் என்றும், அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகவே தாம் கருதியதாகவும் அவனுக்கு வேலை கொடுத்தவர் சாட்சியம் அளித்தார்.

சூலை 13 ஆம் நாள் விசாரணை நடைபெற்றது. 15 ஆம் நாள் சுனான் தூக்கிலிடப்பட்டான். குற்றம் நிகழ்ந்து ஒரு வாரத்திற்குள் யாவும் முடிந்துவிட்டன. அவனுடைய உடலை உறவினரிடம் ஒப்படைக்காமல், அறுத்து ஆராயும் பொருட்டு அறுவை மருத்துவரிடம் கொடுக்குமாறு நீதிபதி வில்லியம் நாரிஸ் ஆணையிட்டார். பிறர் அஞ்சி அடங்கவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

மெக்நாட்டன் சுட்ட நாளுக்கும் அவன் விசாரிக்கப்பட்ட நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு வாரங்கள் இருந்தன. சுனானுக்குக் கிடைத்தவை ஐந்து நாள்கள். மெக்நாட்டனின் மனத்தை ஆராய மருத்துவர் கூட்டமே திரண்டது. சுனானின் மனத்தைப் பற்றி அவனை நாள்தோறும் கண்டவர் கூறிய சொல் அவனைக் காப்பாற்றவில்லை. மாண்டவர்களின் குடும்பத்தார்க்கு நீதி வேண்டும் என்பதில் ஐயமில்லை. மூன்று வயதுக் குழந்தையைப் பறிகொடுத்த தந்தையின் துயரமும் சுனானின் துயரத்திற்குக் குறைந்ததன்று. ஆயினும், இறந்த பின்னர் உடலை மருத்துவரிடம் கொடுத்த மன்றம், உயிரோடிருந்தபோது அவன் மனத்தை அறிய மருத்துவரை நாடி ஒரு மாதம் பொறுத்திருக்கலாகாதா என்னும் எண்ணம் இன்று படிப்போர்க்கு எழாமற் போகாது.

எண்பத்து நான்காம் பிரிவு

இதே காலத்தில் இந்தியாவில் வேறொரு பணி நடைபெற்றுக்கொண்டிருந்தது. மெக்காலேயின் தலைமையில் அமைந்த சட்டக்குழு 1837 ஆம் ஆண்டில் ஒரு தண்டனைச் சட்ட வரைவை ஆக்கி முடித்தது. நெடுநாள் திருத்தங்களுக்குப் பின் அது 1860 ஆம் ஆண்டில் இந்தியத் தண்டனைச் சட்டத் தொகுப்பாக நிறைவேறி, 1862 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் 84 ஆம் பிரிவு, சித்த சுவாதீனம் இன்மையால் தன் செயலின் தன்மையையோ, தான் செய்வது தவறானது அல்லது சட்டத்திற்கு மாறானது என்பதையோ அறிய இயலாதவன் செய்வது குற்றமாகாது என்று விதிக்கிறது. மெக்நாட்டன் விதிகளின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு நுட்பமான வேறுபாடும் உண்டு. ஆங்கில விதி ‘அறிந்தானா’ என்று கேட்கிறது. இந்தியச் சட்டம் ‘அறியும் ஆற்றல் இருந்ததா’ என்று கேட்கிறது.

இச்சட்டத்தையே அடியொற்றி நீரிணைக் குடியேற்றங்களுக்கான தண்டனைச் சட்டம் 1871 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1872 இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் மலாய் மாநிலங்களும் அதனைத் தழுவிக்கொண்டன. இவ்வாறு, மெக்காலேயின் குழு இந்தியாவில் வரைந்த சட்டம் கடல் கடந்து பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதே எண்ணுடன் 84 ஆம் பிரிவு விளங்குகிறது. இந்தியாவிலோ 2024 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 22 ஆம் பிரிவாக எண் மாறியுள்ளது.

இப்பிரிவின் பயனை 1949 ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் முடிவு செய்த ஒரு வழக்கில் காணலாம். கனவில் தோன்றிய கட்டளையை ஏற்றுத் தன் சிறுமகனைப் பலியிட்ட தந்தை ஒருவன், தன் செயல் கொலை என்னும் தன்மையதாக அறிந்திருப்பினும், அது தவறானது என்று அறியும் நிலையில் இல்லை என மன்றம் கருதி அவனுக்கு அப்பிரிவின் பாதுகாப்பை வழங்கியது.

புகலிடங்களும் மருத்துவர்களும்

சட்டம் வகுத்தால் மட்டும் போதாது. மனநிலையை ஆராயும் மருத்துவரும் இடமும் வேண்டும் அன்றோ? சிங்கப்பூரில் மனநோயாளிகள் தொடக்கத்தில் சிறையிலேயே அடைக்கப்பட்டனர். அங்கு அடைபட்டிருந்த நோயாளி ஒருவர் மற்றொருவரைக் கொன்றதன் விளைவாக, 1841 ஆம் ஆண்டில் அவர்களுக்கெனத் தனி மருத்துவமனை அமைந்தது. 1928 ஆம் ஆண்டில் இயோ சூ காங்கில் எழுந்த மனநோய் மருத்துவமனை 1951 இல் வுட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்று, 1993 இல் மனநலக் கழகமாக வளர்ந்தது. மலாயாவில் 1911 ஆம் ஆண்டில் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்ட மத்திய மனநோய் மருத்துவமனை, இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை என வழங்குகிறது.

சிங்கப்பூர்ப் புகலிடத்தின் மேற்பார்வையாளராகப் பணியாற்றிய மருத்துவர் கில்மோர் எல்லிஸ் 1893 ஆம் ஆண்டில் மலாய்க்காரரின் அமோக் பற்றி இங்கிலாந்தின் மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நெடுநேரம் மனம் நொந்து வாளாவிருத்தல், திடீரெனக் கொலைவெறி கொள்ளுதல், பின்னர் நிகழ்ந்ததை நினைவுகூர இயலாமை ஆகியவற்றை அவர் ஆராய்ந்தார். அரை நூற்றாண்டிற்கு முன் பினாங்கு மன்றம் அச்சுறுத்தி அடக்க முயன்றதை, அவர் மருத்துவ ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொண்டார். இதுவே இவ்வட்டாரத்தில் நிகழ்ந்த சிந்தனை மாற்றத்திற்குத் தக்க சான்றாகும். ஆயினும் அமோக் நோயா, பண்பாட்டில் ஊறிய நடத்தையா என்னும் விவாதம் அதன்பின் நூறாண்டு நீடித்தது. ஓர் இனத்தின் இயல்பே அது என்று பழித்துரைத்த குடியேற்றக்கால எழுத்துகளும் அவ்விவாதத்தைக் குழப்பின. மனைவியையும் குழந்தையையும் இழந்து கலங்கியவனின் துயரத்திற்கு இனம் ஏது?

மருத்துவரின் கடமை

மன்றத்திற்கு வரும் மனநல மருத்துவரிடம் இரு வேறு வினாக்கள் கேட்கப்படுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்டவர் இன்று வழக்கைப் புரிந்துகொண்டு தம்மைக் காத்துக்கொள்ள வல்லவரா என்பது ஒன்று. குற்றம் நிகழ்ந்த நேரத்தில் அவர் மனநிலை எவ்வாறு இருந்தது என்பது மற்றொன்று. முன்னது நிகழ்காலம் பற்றியது. நேரில் கண்டு சொல்லலாம். பின்னது கடந்த காலம் பற்றியது. பழைய மருத்துவக் குறிப்புகள், குடும்பத்தார் கூற்று, காவல்துறைப் பதிவு முதலியவற்றைத் தொகுத்து ஊகித்தறிய வேண்டியது. மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஐயத்திற்குரியவரை மனநல மருத்துவமனையில் ஒரு மாதம்வரை வைத்து உற்றுநோக்க வழி செய்துள்ளது. நோயை நடிப்பவரும் உளர். நோயை மறைப்பவரும் உளர். இருவரையும் பிரித்தறியக் காலம் தேவை.

இங்கு மருத்துவரின் நிலை வழக்கமான மருத்துவரின் நிலையினின்றும் வேறானது. நோயாளியின் மறையைக் காப்பது மருத்துவ அறம். ஆனால் இங்கே அவர் கேட்டதையெல்லாம் மன்றத்திற்கு உரைக்கக் கடமைப்பட்டவர். அதனால், தாம் யாருக்காக வந்துள்ளோம் என்பதை முதலிலேயே எதிரிலிருப்பவருக்கு விளக்கிவிடுதல் அவரது தொழில்நெறியாகக் கொள்ளப்படுகிறது. மேலும், ‘சித்த சுவாதீனம் இன்மை’ என்பது சட்டச் சொல்லேயன்றி நோயின் பெயரன்று. மருத்துவர் நோயைக் கூறலாம். பொறுப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது நீதிபதியே. நோய் இருந்தது என்று மெய்ப்பிக்கப்பட்டும் 84 ஆம் பிரிவின் பாதுகாப்பு மறுக்கப்பட்ட வழக்குகள் பல. மெய்ப்பிக்கும் பொறுப்புப் பற்றி, 1964 ஆம் ஆண்டில் இந்திய உச்சநீதிமன்றம் ஒரு குஜராத் வழக்கில் தெளிவுரை வழங்கியது. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஐயத்திற்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. நோயே பெரிதும் நிகழத்தக்கது என்று காட்டினால் போதும் என்பது அதன் கருத்து.

முழுமைக்கும் இன்மைக்கும் இடையே

மனம் தெளிவு, கலக்கம் என இரண்டாகப் பிளந்து கிடப்பதில்லை. பாதி இருளும் பாதி ஒளியுமாக இருப்போர் பலர். இதனை உணர்ந்த ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குறைந்த பொறுப்பு என்னும் கருத்தை வளர்த்தன. இங்கிலாந்து 1957 ஆம் ஆண்டில் அதனைச் சட்டமாக்கியது. சிங்கப்பூர் 1961 இல் தன் சட்டத்தின் 300 ஆம் பிரிவில் ஏழாவது விலக்காகச் சேர்த்துக்கொண்டது. இதன்படி, மனக்கோளாறு ஒருவரின் பொறுப்பைப் பெரிதும் குறைத்திருப்பின் கொலைக்குற்றம் அதனினும் குறைந்த குற்றமாகும். மலேசியாவிலும் இந்தியாவிலும் இவ்விலக்கு இல்லை. ஒரே வேரிலிருந்து முளைத்த சட்டங்கள் இவ்விடத்தில் கிளை பிரிந்தன. இதனால், ஒரே வகை நோயுடைய இருவர் ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே வகைக் குற்றம் புரிந்தால், மருத்துவச் சான்று ஒன்றாயிருந்தும் முடிவு வேறாகலாம்.

சிங்கப்பூர் தன் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, கடத்தலில் சுமந்து செல்பவராக மட்டும் இருந்த ஒருவரின் பொறுப்பை மனக்கோளாறு பெரிதும் குறைத்திருப்பின் மரண தண்டனைக்கு ஈடாக ஆயுள் தண்டனை விதிக்க 2013 ஆம் ஆண்டு முதல் வழிவகுத்தது. மலேசியத் தமிழர் ஒருவர் தொடர்பான வழக்கில் இவ்விதியே உயிர்நாடியாயிற்று. அவருடைய அறிவுத்திறன் அளவெண் 69 என்று சோதனையில் கண்டறியப்பட்டது. அவரைச் சோதித்த வல்லுநர்களின் கருத்துகள் ஒன்றுபடவில்லை. அவர் மனப்பொறுப்பு சட்டம் கோரும் அளவுக்குக் குறைந்திருக்கவில்லை என மன்றங்கள் முடிவு செய்தன. 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் 27 ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். அம்முடிவைப் பற்றி உலகெங்கும் எழுந்த கருத்து வேறுபாடு எவ்வாறாயினும், மருத்துவச் சான்றின் ஒரு சொல்லில் ஓர் உயிர் தொங்கும் என்பதை அவ்வழக்கு அனைவர்க்கும் உணர்த்திற்று.

விடுதலைக்குப் பின் வரும் சிறை

பைத்தியம் என்று சொல்லித் தப்பிவிடலாம் என்பது மக்களிடையே வழங்கும் ஒரு தவறான எண்ணம். உண்மை வேறு. மலேசியச் சட்டப்படி, இக்காரணத்தால் விடுவிக்கப்படுபவர் பாதுகாப்பான காவலில் வைக்கப்பட்டு, மாநில ஆட்சியாளரின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியவர். சிறைத்தண்டனைக்கு முடிவுநாள் உண்டு. இக்காவலுக்கு அது இல்லை. மெக்நாட்டன் பெத்லம் மருத்துவமனையிலிருந்து பிராட்மூருக்கு மாற்றப்பட்டு, 1865 இல் அங்கேயே இறந்தான். 1981 ஆம் ஆண்டில் அமெரிக்க அதிபர் ரீகனைச் சுட்டுப் பின் விடுவிக்கப்பட்ட ஹிங்க்லியும் நெடுங்காலம் மருத்துவமனையில் வாழ்ந்து, 2022 இல்தான் முழு விடுதலை பெற்றார். அவர் வழக்கின் முடிவும் 1843 ஐப் போலவே மக்கள் சினத்தைக் கிளப்பி, 1984 ஆம் ஆண்டில் சட்டத்தை இறுகச் செய்தது. ஒவ்வொரு முறையும் மருத்துவம் ஓரடி முன்வைக்க, அச்சங்கொண்ட சமுதாயம் சட்டத்தை ஓரடி பின்னிழுப்பதை வரலாறு காட்டுகிறது.

எனினும் வாயில் முற்றிலும் மூடப்படவில்லை. 2020 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, சிங்கப்பூரின் 84 ஆம் பிரிவில், தன் செயலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை முழுதும் இழந்தவருக்கும் இடம் அளிக்கப்பட்டுள்ளது. 1843 ஆம் ஆண்டின் நீதிபதிகள் விலக்கி வைத்த கருத்து, நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூரில் சட்டமாயிற்று.

மனநோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்யாதவர் என்பதும், மன்றத்தை எட்டுவோர் மிகச் சிலரே என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. அச்சிலரின் வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்த்தால், குற்றம் நிகழ்வதற்கு முன்பே நோயின் அடையாளங்களைக் கண்டவர் பெரும்பாலும் ஒருவரேனும் இருப்பார். சுனானைக் கண்டவர் இருந்தார். ஆனால் அவனை எங்கே அழைத்துச் செல்வது என்பதற்கு 1846 இன் பினாங்கில் அவருக்கு வழி தெரிந்திராது. இன்று வழி உண்டு; மருத்துவமனை உண்டு; மருந்து உண்டு. ‘பைத்தியம்’ என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி நோயாளியை வீட்டிற்குள் மறைத்து வைக்கும் வழக்கம் நீங்குமாயின், நீதிபதியும் மருத்துவரும் மன்றத்தில் காலங்கடந்து சந்திக்க வேண்டிய வழக்குகளும் குறையும். அவ்வழக்கத்தை நீக்கும் பணி மன்றத்திற்குரியதன்று. வீட்டிற்கும் பள்ளிக்கும் உரியது.